பழைய லேப்டாப்பில் வீட்டு சர்வர்: எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவது?



2025 நவம்பரில் நம் மாநிலத்தில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, பழைய காகிதங்களைத் தேடி பீரோவைக் கலைக்காத வீடு நம் பகுதியில் குறைவு. அத்தாவின் பழைய வாக்காளர் எண், உம்மாவின் பிறப்புச் சான்று, வீட்டுப் பத்திரத்தின் நகல், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், நிக்காஹ் பதிவின் பிரதி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் கிடக்கிறது. சிலருக்கு அது ஒரு போனில் மட்டும் இருக்கிறது. அந்த போன் தொலைந்தால் எல்லாம் போச்சு.

அதன் பிறகு பல குடும்பத்தினர் நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். "வீட்டில் ஒரு பழைய லேப்டாப் சும்மா கிடக்கிறது. அதிலேயே எல்லாவற்றையும் பத்திரமாக வைக்க முடியுமா? அதற்கு என்ன போட வேண்டும்?" இந்த மாதப் பாடத்தை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். கம்ப்யூட்டர் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். இல்லாதவர்களும் தயங்க வேண்டாம், நிதானமாகப் படித்தால் புரியும்.

வீட்டு சர்வர் என்றால் என்ன?

பெயர்தான் பெரிது, விஷயம் சிறியது. வீட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர், அதில் குடும்பத்தாரின் ஆவணங்களும் போட்டோக்களும் இருக்கும். வீட்டு வைஃபையில் இருக்கும் எந்தப் போனிலிருந்தும் அதில் போடலாம், எடுக்கலாம். அவ்வளவுதான். அதற்குத் திரை வேண்டாம், கீபோர்டும் வேண்டாம். மூலையில் ஒரு பலகை மேல் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இலவசமாகக் கிடைக்கும் கூகுள் கணக்கில் 15 ஜிபி இடம்தான். ஒரு கல்யாண வீடியோவே அதில் பாதியைத் தின்றுவிடும். அதற்கு மேல் மாதக் கட்டணம், கட்டத் தவறினால் சிக்கல். மேலும் ஆதார், பேங்க் பாஸ்புக் போன்றவற்றை ஊருக்கு வெளியே வைப்பதைவிட நம் வீட்டுக்குள் வைத்துக்கொள்வதில் பலருக்கு மனத்திருப்தி இருக்கிறது.

முதலில் மெஷினைப் பாருங்கள்

எந்த சிஸ்டம் போடுவது என்பதற்கு முன்னால், கையில் இருக்கும் மெஷின் எதைத் தாங்கும் என்று பார்க்க வேண்டும். ஐந்து விஷயங்களைக் கவனியுங்கள்.

1. பிராசசர் 64 பிட்டா, 32 பிட்டா? விண்டோஸ் ஓடும் நிலையில் இருந்தால் செட்டிங்ஸில் 'சிஸ்டம் டைப்' என்ற வரியைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: அந்த வரியில் 32 பிட் என்று இருந்தாலும் பிராசசர் 64 பிட்டாக இருக்கக்கூடும். உதாரணமாக, விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்ற பதிப்பு 32 பிட்டில் மட்டுமே வந்தது. 64 பிட் மெஷின்களிலும் அதைப் போட்டுக் கொடுத்தார்கள். 'எக்ஸ்64' என்று பிராசசரைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். பாடத்தின் பிற்பகுதிக்கு இது முக்கியம்.

2. ரேம் எவ்வளவு? 1 ஜிபியா, 2 ஜிபியா, 4 ஜிபியா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. ஹார்ட் டிஸ்க் நலமா? பத்து வருடம் ஓடிய டிஸ்க்கை நம்பி பத்திரத்தை வைக்கக் கூடாது. 'டிக் டிக்' என்ற சத்தம் வந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். சத்தம் இல்லாவிட்டாலும் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைத்திருக்கும். இதற்கு 'ஸ்மார்ட்' அறிக்கை என்று பெயர். அதில் 'ரீஅலோகேட்டட் செக்டர்' என்ற எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் ஆறுதல். பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்குக்கு ஆயுள் குறைவு. ரிச்சி தெருவில் சின்ன அளவில் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுவதுதான் பழைய லேப்டாப்புக்குச் செய்யும் முதல் நல்ல செலவு.

4. பேட்டரி உப்பியிருக்கிறதா? லேப்டாப்பின் அடிப்பகுதி வீங்கியிருந்தால் உடனே கழற்றி, அதை வாங்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். இரவும் பகலும் சார்ஜில் இருக்கப்போகும் மெஷினில் வீங்கிய பேட்டரி தீ விபத்துக்கு வழி. நல்ல பேட்டரி இருந்தால் அதுவே யுபிஎஸ் போல உதவும். கரண்ட் போய் வரும் சில நிமிடங்களுக்கு மெஷின் அணையாது.

5. கரண்ட் எவ்வளவு இழுக்கும்? இதைப் பலர் கணக்குப் போடுவதில்லை. சும்மா ஓடும் பழைய லேப்டாப் சுமார் 20 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 24 மணி நேரம், 60 நாளைக்கு ஏறக்குறைய 29 யூனிட். பழைய டெஸ்க்டாப் 70 வாட் எடுத்தால் அதே 60 நாளில் சுமார் 101 யூனிட். நம் இ.பி. கணக்கில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அந்த இலவசம் முழுவதையும் டெஸ்க்டாப் ஒன்றே விழுங்கிவிடும். எனவே இரண்டும் கையில் இருந்தால் லேப்டாப்பையே எடுங்கள்.

தேர்வுக்கு நான்கு கேள்விகள்

ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது மெஷினுக்கும் நமக்கும் நடுவில் நின்று எல்லா வேலையையும் நடத்தும் அடிப்படை மென்பொருள். விண்டோஸ் அதில் ஒரு வகை, லினக்ஸ் இன்னொரு வகை. லினக்ஸிலும் பல பெயர்கள், பல பிரிவுகள் உண்டு. கடைக்காரர் ஒன்று சொல்வார், யூடியூபில் இன்னொன்று சொல்வார்கள். 'எது அழகாக இருக்கிறது, எதில் வசதி அதிகம்' என்று பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். நாம் நான்கு கேள்விகளை மட்டும் கேட்போம்.

முதல் கேள்வி: இதற்கு இன்னும் எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்?
இரண்டாவது: இந்தப் பழைய மெஷின் அதைத் தாங்குமா?
மூன்றாவது: இதை அமைத்த பிள்ளை வேலைக்காக துபாய்க்கோ பெங்களூருக்கோ போய்விட்டால், வேறொருவர் பார்த்துக்கொள்ள முடியுமா?
நான்காவது: நாளை மெஷின் செத்துப்போனால், டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிக் கோப்புகளை எடுக்க முடியுமா?

இவற்றில் முதல் கேள்விதான் தலையானது. சர்வர் இரவும் பகலும் நெட்டில் இணைந்திருக்கிறது. மென்பொருளில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அவற்றை அடைக்க ஆள் இல்லாத சிஸ்டம், பூட்டு இல்லாத கதவு போன்றது. மெஷின் பழையதாக இருக்கலாம். அதன் மேல் ஓடும் சிஸ்டம் பழையதாக இருக்கக் கூடாது. இந்தப் பாடத்தில் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும்.

விண்டோஸை அப்படியே விட்டுவிடலாமா?

பலர் கேட்பது இது. பழகிய ஒன்றாயிற்றே என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் தேதிகளைப் பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீடுகளுக்குச் சில நிபந்தனைகளோடு 2026 அக்டோபர் வரை ஒரு வருட நீட்டிப்பு உண்டு, அதற்கு மேல் இல்லை.

விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அதற்கு 4 ஜிபி ரேமும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஏறக்குறைய 2018-க்குப் பின் வந்த பிராசசரும் வேண்டும். நம் பீரோவில் கிடக்கும் மெஷின்கள் அந்த வாசலில் நுழைய முடியாது. கள்ள நகல் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். அது அடுத்தவருடைய ஹக். அதோடு, யார் எதைச் சேர்த்து அனுப்பினார்கள் என்று தெரியாத ஒன்றின் மேல் குடும்பத்தின் பத்திரங்களை வைப்பது புத்திசாலித்தனமும் ஆகாது.

குரோம்பேட்டைக்கும் லினக்ஸுக்கும் உள்ள தொடர்பு

லினக்ஸ் என்றால் எங்கோ வெளிநாட்டு விஷயம் என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. நம் ஊர் எம்ஐடியை எல்லோருக்கும் தெரியும். 1949-இல் சி. ராஜம் அவர்கள் நிறுவிய கல்லூரி, மர்ஹூம் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த இடம். அதே வளாகத்தில் ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2005-இல் மத்திய அரசு, கட்டற்ற திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கியபோது, அதை நடத்தும் பொறுப்பு இந்த மையத்துக்கும் சென்னை சி-டாக் நிறுவனத்துக்கும்தான் கொடுக்கப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் திறந்த மூல மென்பொருள் ஒரு விருப்பப் பாடமாக நுழைந்ததிலும் இந்த முயற்சிக்குப் பங்கு உண்டு.

2007-இல் சென்னை சி-டாக், 'பாஸ்' என்ற லினக்ஸை வெளியிட்டது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்யும்படி அமைத்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில், எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அங்குள்ள கம்ப்யூட்டர்களை சூசி லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகள் இன்றும் லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன.

2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த இலவச லேப்டாப் திட்டத்தில் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த மெஷின்களை நினைத்துப் பாருங்கள். அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது. ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று கேட்கும் அந்தத் திரை பலருக்கு ஞாபகம் இருக்கும். பெரும்பாலோர் விண்டோஸை மட்டும் அழுத்திப் பழகிவிட்டார்கள். அந்த மெஷின்கள்தான் இன்று நம் வீடுகளில் சும்மா கிடப்பவற்றில் அதிகம்.

அப்படியானால் பாஸையே சர்வருக்கும் போடலாமா? பாஸ் முதன்மையாக மேஜையில் உட்கார்ந்து வேலை செய்வோருக்காக உருவானது. அழகான திரை, அலுவலக மென்பொருள், மொழி வசதி எல்லாம் அதில் உண்டு. மூலையில் திரையில்லாமல் ஓடும் சர்வருக்கு அவை தேவையில்லை, ரேமைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாஸ் தானாக முளைக்கவில்லை. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு எழுப்பப்பட்டது. நாம் அந்தத் தாய்வேரிடமே போவோம்.

டெபியன்: நாம் பரிந்துரைப்பது

டெபியனை 1993-இல் இயன் மர்டாக் என்ற கல்லூரி மாணவர் தொடங்கினார். தன் பெயரையும், பின்னாளில் தன் மனைவியான டெப்ராவின் பெயரையும் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார். அதற்கு முதலாளி இல்லை. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தங்களுக்குள் விதிமுறை வகுத்து, தேர்தல் நடத்தித் தலைவரைத் தேர்ந்தெடுத்து நடத்துகிறார்கள். டிரஸ்ட் நடத்தும் நமக்கு இந்த முறை அந்நியமானதல்ல. கம்பெனி மூடப்பட்டதால் சிஸ்டமும் போய்விட்டது என்ற நிலை இதற்கு எளிதில் வராது.

நம் நான்கு கேள்விகளையும் இதனிடம் கேட்போம்.

திருத்தங்கள் எத்தனை ஆண்டு? சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒரு புதிய நிலையான பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டு முழு ஆதரவு, அதன் பிறகு இரண்டு ஆண்டு நீண்டகால ஆதரவு, மொத்தம் ஐந்து. 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த 13-ஆம் பதிப்புக்கு 2030 வரை திருத்தங்கள் கிடைக்கும். பணம் எதுவும் கட்ட வேண்டாம்.

மெஷின் தாங்குமா? திரை வசதி இல்லாமல் நிறுவினால் 512 எம்பி ரேமிலும் ஓடும், 1 ஜிபி இருந்தால் தாராளம். இலவச லேப்டாப்பின் 2 ஜிபி இதற்குப் பெரிய மாளிகை.

வேறொருவர் பார்த்துக்கொள்வாரா? உபுண்டு, பாஸ், ராஸ்பெரி பையின் சிஸ்டம் எல்லாமே டெபியன் வழி வந்தவை. எனவே லினக்ஸ் தெரிந்த கல்லூரி மாணவர் யாராக இருந்தாலும் இதில் கை வைக்கத் தெரியும். நம் பகுதியில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. நிறுவும்போது வரும் திரைகளைத் தமிழிலேயே படிக்கவும் வசதி இருக்கிறது.

டிஸ்க்கைக் கழற்றி எடுக்க முடியுமா? முடியும். எந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் கோப்புகள் அப்படியே தெரியும்.

மற்றவை எப்படி?

உபுண்டு சர்வர்: டெபியனின் பிள்ளை, நல்ல பிள்ளை. அதன் நீண்டகாலப் பதிப்பு 24.04-க்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. ஆனால் 32 பிட் மெஷினில் நிறுவ முடியாது, ரேமும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். வீட்டில் ஏற்கெனவே உபுண்டு பழகிய பிள்ளை இருந்தால் இதையே போடட்டும், மறுப்பில்லை.

ஓப்பன்மீடியாவால்ட்: இதுவும் டெபியன் மேல் கட்டப்பட்டதுதான். வேறொரு கம்ப்யூட்டரின் பிரவுசரிலிருந்தே பட்டன்களை அழுத்தி எல்லாம் செய்யலாம் என்பதால், கட்டளைகளைத் தட்டத் தயங்குவோருக்கு ஏற்றது. ஒரு விஷயம் மட்டும். சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கை அது தனக்கென்றே எடுத்துக்கொள்ளும். கோப்புகளுக்கு வேறு டிஸ்க் வேண்டும். ஒரே டிஸ்க் உள்ள லேப்டாப்பில் சிறிய எஸ்எஸ்டி உள்ளே, பெரிய டிஸ்க் யுஎஸ்பியில் வெளியே என்று வைத்துக்கொள்ளலாம்.

ட்ரூநாஸ்: புகழ் பெற்றது. ஆனால் குறைந்தது 8 ஜிபி ரேம் கேட்கும். கம்பெனிகளுக்கும் புதிய மெஷின்களுக்கும் உரியது. நம் பீரோ லேப்டாப்புக்கு இல்லை.

ஆல்பைன், ஆர்ச் போன்றவை: முதலாவது மிக எடை குறைந்தது, இரண்டாவது எப்போதும் புத்தம் புதிதாக மாறிக்கொண்டிருப்பது. கற்றுக்கொள்ள நல்லவை. ஆனால் நமது மூன்றாவது கேள்வியில் இரண்டும் சறுக்கும். அமைத்தவர் ஊரில் இல்லாத நாளில் தொடுவதற்கு ஆள் கிடைப்பது கடினம்.

சுருக்கமாகத் தீர்ப்பு

64 பிட் பிராசசர், 1 முதல் 4 ஜிபி ரேம்: டெபியன் 13, திரை வசதி இல்லாமல்.

64 பிட், 2 ஜிபிக்கு மேல், இரண்டு டிஸ்க், கட்டளை தட்ட ஆள் இல்லை: ஓப்பன்மீடியாவால்ட்.

64 பிட், 8 ஜிபிக்கு மேல்: எதுவும் போடலாம், அப்போதும் டெபியன் குறைவானதல்ல.

32 பிட் மட்டும்: டெபியன் 13-இல் 32 பிட்டுக்கான நிறுவல் வசதியை நிறுத்திவிட்டார்கள். 2023-இல் வந்த 12-ஆம் பதிப்புதான் அதற்குக் கடைசி. இந்த மெஷினில் குடும்ப ஆவணங்களைப் புதிதாக ஏற்ற வேண்டாம் என்பதே நம் ஆலோசனை. பிள்ளைகள் பழகுவதற்கு வைத்துக்கொள்ளட்டும். உற்றார் உறவினரிடம் 64 பிட் லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கும், கேட்டுப் பாருங்கள்.

நிறுவும் முறை

கட்டளைகளை இங்கே அச்சிடவில்லை. செய்ய வேண்டிய வரிசையை மட்டும் தருகிறோம். இதைப் பிள்ளையிடம் கொடுத்தால் போதும்.

1. பழைய மெஷினில் இருக்கும் போட்டோ, கோப்பு எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகல் எடுங்கள். நிறுவும்போது டிஸ்க் முழுதும் அழியும்.

2. டெபியனின் சொந்தத் தளத்திலிருந்து நிறுவல் கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் மூலம் பென்டிரைவில் எழுதுங்கள். கடையில் யாரோ எழுதி வைத்த பென்டிரைவை வாங்க வேண்டாம்.

3. நிறுவும்போது 'டெஸ்க்டாப்' என்ற குறியை எடுத்துவிட்டு, 'எஸ்எஸ்எச் சர்வர்' என்பதை மட்டும் வையுங்கள். வேறு கம்ப்யூட்டரிலிருந்து இதை இயக்க அது வேண்டும்.

4. ரவுட்டரோடு கேபிளில் இணையுங்கள். பழைய லேப்டாப்பின் கேபிள் வேகம் 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 11 எம்பி அளவு நகரும். 4 ஜிபி வீடியோவுக்கு ஆறு நிமிடம் ஆகும். பத்திரங்களுக்கும் போட்டோவுக்கும் இது போதும்.

5. மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடும். மூடினாலும் தூங்காதபடி அமைப்பை மாற்றுங்கள்.

6. பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக இறங்கும்படி 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' என்பதை நிறுவுங்கள். முதல் கேள்விக்காக இவ்வளவு பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, இதைச் செய்யாமல் விட்டால் பலன் இல்லை.

7. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குக் கோப்பைப் பகிர 'சாம்பா', போன் போட்டோக்கள் தாமாக வந்து சேர 'சிங்திங்'. இரண்டு போதும், வேறெதையும் ஆசைப்பட்டு ஏற்ற வேண்டாம்.

8. ரவுட்டரில் வெளியுலகுக்கு வாசல் எதையும் திறக்காதீர்கள். வீட்டுக்குள் மட்டும் இருக்கட்டும்.

ஒரு மெஷினை மட்டும் நம்பாதீர்கள்

சர்வர் வைத்துவிட்டோம், இனி கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. 2015 டிசம்பர் முதல் வாரத்தை நம் பகுதி மறக்காது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாற்றங்கரையில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் தரைத்தளம் மூழ்கியது. பீரோவில் இருந்த பத்திரமும் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரும் ஒன்றாக நனைந்தன. எனவே சர்வரைத் தரையில் வைக்காதீர்கள். லாஃப்ட் அல்லது மாடி, காற்றோட்டமான இடமாகப் பாருங்கள்.

ஆவணங்களுக்கு உலகம் முழுதும் சொல்லும் எளிய விதி 3-2-1. மூன்று நகல், இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில். சர்வரில் ஒன்று, தனி யுஎஸ்பி டிஸ்க்கில் ஒன்று, மூன்றாவது வேறு ஏரியாவில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ மச்சான் வீட்டிலோ இன்னொரு டிஸ்க்கில். இரண்டு குடும்பத்தார் ஒருவர் டிஸ்க்கை மற்றவர் வீட்டில் வைத்துக்கொண்டால் செலவும் பாதி. மாதம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு நகலைப் புதுப்பியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று சொல்ல முடியாது.

மூலப் பத்திரங்களை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போட வேண்டாம். ஸ்கேன் நகல் தேடுவதற்கும் மறு நகல் கேட்டு விண்ணப்பிப்பதற்கும் துணை. பத்திரத்துக்கு அது மாற்று ஆகாது.

அமானிதம் என்ற முறையில்

மஸ்ஜித் அலுவலகங்களிலும் மக்தப்களிலும் இதே முறையில் பழைய கம்ப்யூட்டரை சர்வர் ஆக்க விரும்புவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை தனியாக. ஒரு விதவைச் சகோதரி உதவி கேட்டு விண்ணப்பம் கொடுக்கும்போது, அதோடு ஆதார் நகலும், பாஸ்புக் பக்கமும், சில நேரம் மருத்துவமனைச் சீட்டும் இருக்கும். அவர் வறுமையையும் நோயையும் நம்மை நம்பித்தான் சொல்கிறார். அது அமானிதம். அதை வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதும், எல்லோரும் திறக்கும் கம்ப்யூட்டரில் போட்டு வைப்பதும் அந்த அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அடுத்தவர் விவரங்களைக் கையாள்வோருக்குப் பொறுப்பு வைத்திருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே மார்க்கம் நம் மேல் வைத்த பொறுப்பு அது.

இத்தகைய சர்வரில் டிஸ்க்கை மறையாக்கம் செய்துதான் நிறுவ வேண்டும். டெபியன் நிறுவும்போதே அதைக் கேட்கும். மெஷினை யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. இதில் ஒரு சிரமம் உண்டு. கரண்ட் போய் மெஷின் அணைந்து மீண்டும் எழும்போது, யாராவது வந்து பாஸ்வேர்டு தட்டும்வரை அது காத்திருக்கும். வீட்டு சர்வருக்கு இந்தச் சிரமம் வேண்டுமா என்பதைக் குடும்பமே முடிவு செய்யலாம். பிறர் விவரம் இருக்கும் சர்வருக்கு இதில் தேர்வு இல்லை.

வீடானாலும் அலுவலகமானாலும் பாஸ்வேர்டு ஒருவர் மனதில் மட்டும் இருக்கக் கூடாது. ஆயுள் நம் கையில் இல்லை. குடும்பத் தலைவர் திடீரென்று மௌத்தாகிவிட்டால், இன்ஷூரன்ஸ் பத்திரமும் கடன் விவரமும் திறக்க முடியாத பெட்டிக்குள் சிக்கிக்கொள்ளும். கடனை அடைக்க வேண்டிய வாரிசுகள் கணக்குத் தெரியாமல் தவிப்பார்கள். ஒரு தாளில் மெஷின் எங்கே, எந்த சிஸ்டம், பயனர் பெயர், பாஸ்வேர்டு, நகல் டிஸ்க் யார் வீட்டில் என்று ஐந்து வரி எழுதி, உறையிலிட்டு ஒட்டி, மனைவியிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ கொடுத்து வையுங்கள். வஸிய்யத் எழுதி வைத்திருப்போர் அந்த உறை எங்கே இருக்கிறது என்பதையும் அதில் ஒரு வரி சேருங்கள்.

வீட்டில் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள்

1. நம் வீட்டில் கிடக்கும் மெஷின் 64 பிட்டா, 32 பிட்டா?
2. அதில் இப்போது இருக்கும் சிஸ்டத்துக்குத் திருத்தங்கள் வருகின்றனவா? எந்த ஆண்டு வரை?
3. இரண்டு மாதத்தில் அது எத்தனை யூனிட் இழுக்கும்? வாட்டை 24-ஆலும் 60-ஆலும் பெருக்கி 1000-ஆல் வகுத்துச் சொல்லுங்கள்.
4. இன்று இரவு நம் வீட்டில் தண்ணீர் புகுந்தால், வீட்டுப் பத்திரத்தின் நகல் வேறு எந்த இடத்தில் இருக்கும்?
5. பாஸ்வேர்டு தெரிந்த இரண்டாவது ஆள் யார்?

ஐந்துக்கும் பதில் சொல்லத் தெரிந்த வீட்டில் பாதி வேலை முடிந்துவிட்டது. நான்காவது கேள்விக்குப் பதில் இல்லாத வீட்டார் சர்வருக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே பத்திரங்களைப் போட்டோ எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டு உறவினர் வீட்டில் கொடுத்துவிடுங்கள். சர்வர் பிறகு வரட்டும்.

நம்மில் ஒவ்வொருவரிடமும் உள்ள அமானிதங்களை அதற்குரிய முறையில் பேணிக் காக்க அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.

— செயலாளர்